மாடு செத்தா யாருக்கு நஷ்டம்?

சேலத்திலிருந்து பெங்களூருக்கு பஸ்ஸில் போயிருக்கீங்களா? தர்மபுரி வருவதற்கு முன்னால் தொப்பூர் கணவாய் வரும். நம்ம பக்கம் லாரிகள் கியரை இறக்கி மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கம் சேலத்தை நோக்கி இறங்குகிற வண்டிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய செய்தியை நீங்கள் அடிக்கடி படித்திருப்பீர்கள்.

1790 நவம்பரில் இந்தக் கணவாய் வழியாக ஒரு படை இறங்கியது. திப்பு சுல்தானுடைய படை. பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தவர் ஜெனரல் மெடோஸ். அவர் படைத் தளபதி மட்டுமல்ல, மதராஸ் கவர்னரும் அவர்தான். ஆள் பலம் இருந்தது, பீரங்கி இருந்தது. ஆனாலும் பிடிக்க முடியவில்லை. திப்பு சேலம், நாமக்கல் சமவெளியைக் கடந்து, காவிரிக் கரையோரமாகத் திருச்சியை நோக்கிப் போய்விட்டார்.

ரெண்டு பேர்கிட்டயும் பீரங்கி இருக்கு. ரெண்டு பேர் பீரங்கியையும் இழுத்தது காளை மாடுதான். அப்புறம் ஏன் ஒருத்தர் முந்தினார், ஒருத்தர் பிந்தினார்?

திப்புவின் படையில் பீரங்கி இழுத்த காளைகள் அரசாங்கமே வளர்த்தவை. கம்பெனிப் படையின் காளைகளில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்தவை. இன்றைய எபிசோட் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

ஏன் இப்போ இதைப் பேசணும்? ராணுவத்தின் டாங்க், விமானம், கப்பல் இவற்றைப் பராமரிக்கிற வேலையைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுப்பது சில வருஷங்களாகப் பெரிய பேச்சாக இருக்கிறது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. மற்ற நான்கு சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், திருச்சி. "இது புது யோசனை" என்று ஆதரிப்பவர்களும் சொல்கிறார்கள், எதிர்ப்பவர்களும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோணலை. இது இந்த மண்ணில் இருநூறு வருஷத்துக்கு முன்பே நடந்து பார்த்த விஷயம்.

பீரங்கியின் எஞ்சின்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மாடு எப்படி ராணுவத் தளவாடம் ஆகும்?

கோட்டைச் சுவரை உடைக்கிற 24 பவுண்டர் பீரங்கி ஒன்றின் எடை சுமார் இரண்டரை டன். ஒரு ஜோடி மாடெல்லாம் அதை அசைக்கக்கூட முடியாது. டஜன் கணக்கில் மாடுகளை ஜோடி ஜோடியாகப் பூட்ட வேண்டும். மேடு வந்தால் பின்னாலிருந்து தள்ள யானை வேண்டும். குண்டு, மருந்து, கூடாரம், அரிசி எல்லாமே மாட்டு முதுகில்தான். அன்றைக்குப் பீரங்கியின் எஞ்சின் மாடு. எஞ்சின் நின்றால் பீரங்கி வெறும் இரும்புக் குழாய். ஆக, மாட்டைப் பராமரிப்பது என்பது இன்றைய கணக்கில் டாங்க் எஞ்சினை ஓவர்ஹால் செய்வது மாதிரி.

மைசூர் அரசு இதை ரொம்பச் சீக்கிரமே புரிந்துகொண்டது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிக்க தேவராஜ உடையார் காலத்திலேயே 'பென்னே சாவடி' என்று ஒரு துறை இருந்தது. கன்னடத்தில் பென்னே என்றால் வெண்ணெய். அரண்மனைக்குப் பால், வெண்ணெய் தந்த மந்தை அது. அந்த மந்தையைப் போருக்குத் திருப்பியவர் ஹைதர் அலி. அதற்கு 'அம்ரித் மஹால்' என்று பெயர் மாற்றியவர் திப்பு. மேய்ச்சல் நிலம், இனப்பெருக்கம், பழக்குவது, கணக்கு வைப்பது, எல்லாமே அரசாங்க வேலை. ஹைதரின் படை இந்த மாடுகளை வைத்துக்கொண்டு இரண்டரை நாளில் 100 மைல் நடந்து சிதம்பரத்தைக் காப்பாற்றப் போனது என்று மைசூர் கெசட்டியர் எழுதுகிறது. மெடோஸுக்குப் போக்குக் காட்டிய வேகத்தையும் அதே மாடுகளின் கணக்கில்தான் அது சேர்க்கிறது.

1791 மே மாதம்

மெடோஸால் முடியாததைச் செய்ய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் தானே வந்தார். 1791 மார்ச்சில் பெங்களூர் கோட்டையைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிக் கிளம்பினார். வழியெல்லாம் வைக்கோலையும் தீவனத்தையும் திப்புவின் ஆட்கள் ஏற்கெனவே அழித்திருந்தார்கள். மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. மாடுகளுக்கு நோய் வந்தது. ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன.

மே 15-ஆம் தேதி அரிகெரே என்ற இடத்தில் நடந்த சண்டையில் காரன்வாலிஸ் ஜெயித்தார். கவனிங்க, ஜெயித்தார். தலைநகரம் கண்ணுக்கு எதிரில் இருந்தது. ஆனால் பீரங்கியை நகர்த்த மாடு இல்லை. சிப்பாய்களே கயிறு கட்டி இழுத்தார்கள். கடைசியில், அவ்வளவு தூரம் இழுத்து வந்த கோட்டை உடைக்கும் பீரங்கிகளைத் தன் கையாலேயே நாசம் செய்துவிட்டுத் திரும்பினார். திரும்பும் வழியில்தான் கூட்டாளிகளான மராத்தியப் படை வந்து சேர்ந்தது. அவர்கள் கடைவீதியில் கொள்ளை விலைக்குத் தானியம் வாங்கித்தான் கம்பெனிப் படை சாப்பிட்டது.

மழைக்கும் நோய்க்கும் வாடகை மாடு, சொந்த மாடு என்ற பேதம் கிடையாது. அதை நான் ஒத்துக்கறேன். ஆனால் வாடகை மாட்டில் வேறு ஒரு பிரச்சினை கூடவே வரும். காண்ட்ராக்டருக்குத் தலைக்கு மாதம் இவ்வளவு என்று பணம். அப்படியென்றால் எண்ணிக்கையில் மாடு இருந்தால் போதும், அது எப்படிப்பட்ட மாடு என்பது அவர் கவலை இல்லை. மாட்டை ஓட்டி வந்தவருக்குச் சண்டையில் ஜெயித்தாலும் ஒன்றுமில்லை, தோற்றாலும் ஒன்றுமில்லை. நிலைமை மோசமானால் ஓட்டிகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுவது அந்தக் காலத்துப் படைகளில் சர்வ சாதாரணமான புகார்.

அதே தனியார், வேறு கணக்கு

இங்கே நிறுத்திவிட்டால், "பார்த்தீங்களா, தனியார்னா இப்படித்தான்" என்று முடிந்துவிடும். ஆனால் கதை அப்படிப் போகவில்லை.

அடுத்த முயற்சிக்கு முன்னால் உணவு வழங்கலைச் சரிசெய்ததில் முக்கியமானவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். ஆம்பூர்ப் பக்கம் இருந்துகொண்டு உளவுத் தகவலும் தானியமும் திரட்டியவர். அவர் யாரைப் பிடித்தார்? லம்பாடிகளை. ஆங்கிலேயர் பிரிஞ்சாரி என்று எழுதியது இவர்களைத்தான். குடும்பம் குடும்பமாக, சொந்த மாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கப் போய் விற்றவர்கள். தர்மபுரி, சேலம் பக்கம் இன்றும் லம்பாடிக் குடியிருப்புகள் உண்டு.

அவர்களும் தனியார்தான். ஆனால் மாடு அவர்களுடையது, தானியம் அவர்களுடையது. மாடு செத்தால் நஷ்டம் அவர்களுக்கு. தானியம் முகாமுக்கு வந்து சேர்ந்தால்தான் காசு. அதனால் யாரும் சொல்லாமலே மாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். 1792 பிப்ரவரியில் காரன்வாலிஸ் மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது படைக்குப் பட்டினி இல்லை. அடுத்த மாதம் திப்பு கையெழுத்துப் போட்டார். பாதி ராஜ்ஜியம் போனது. அதில் கம்பெனியின் பங்குக்கு வந்ததுதான் பாரமகாலும் சேலம் பகுதியும். அதை நிர்வகிக்க வந்த முதல் அதிகாரி யார் தெரியுமா? அதே ரீட். உதவிக்கு தாமஸ் மன்றோ உள்ளிட்டவர்கள். சேலத்தின் முதல் கலெக்டர் அதற்கு முந்தைய வருஷம் படைக்குச் சோறு போட்டவர்.

ஒன்றை மறக்கக் கூடாது. லம்பாடிகள் யார் விலை கொடுத்தாலும் விற்பார்கள். இந்தப் பக்கமும் விற்பார்கள், அந்தப் பக்கமும் விற்பார்கள். அரிசிக்கு அது சரிப்படும். பீரங்கிக்குச் சரிப்படுமா?

வித்தாங்க, வருத்தப்பட்டாங்க, திரும்ப வாங்கினாங்க

1799-ல் திப்பு இறந்தார். அம்ரித் மஹால் மந்தை கம்பெனி கைக்கு வந்தது. இனிமேல் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

கம்பெனி அந்த மந்தையைத் தானே பராமரிக்கவில்லை. புதிதாக அமைந்த மைசூர் அரசிடம் ஒப்படைத்து, "நீங்க வளர்த்துக்கோங்க, எங்களுக்கு வேண்டிய காளையைக் கொடுத்துடுங்க" என்றது. பயன் ஒருவருக்கு, பராமரிப்பு இன்னொருவருக்கு. சில வருஷங்களில் மந்தை சீரழிந்துபோனது. 1813-ல் கேப்டன் ஹார்வி என்ற அதிகாரியைப் போட்டுக் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொண்டது. மந்தை தேறியது.

அடுத்து 1860. 1857-க்குப் பிறகு கஜானா காலி. மதராஸ் கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் சிக்கன நடவடிக்கையாக அந்தத் துறையையே கலைத்தார். மாடுகள் விற்கப்பட்டன. சமாதான காலத்தில் மந்தை வைத்திருப்பது தண்டச் செலவாகத்தான் தெரியும். வேண்டுமென்றால் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதே 1860-களுக்குள்ளேயே அது தப்பு என்று அரசாங்கத்துக்குப் புரிந்துவிட்டது. மறுபடி பணம் போட்டு, சிதறிப்போன இனத்தைத் தேடித் தேடி வாங்கி, துறையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். விற்க அதிக நாள் ஆகவில்லை. நூற்றைம்பது வருஷமாகப் பொறுக்கியெடுத்த இனத்தை மறுபடி சேர்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இதே காலத்தில் ஓசூரில் வேறு ஒரு வழி. 1965-ல் தர்மபுரி மாவட்டம் பிரியும் வரை ஓசூர் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. அங்கே மத்திகிரியில் 1824-ல் கம்பெனி குதிரைப் பண்ணை ஒன்றை ஆரம்பித்தது. பிற்பாடு, ஆஸ்திரேலியாவிலிருந்து வியாபாரிகள் கப்பலில் கொண்டுவந்த குதிரைகளை வாங்கி, இங்கே வைத்துத் தேற்றி, படைப்பிரிவுகளுக்கு அனுப்பினார்கள். வாங்குவது தனியாரிடம். தேற்றுவதும் சோதிப்பதும் ராணுவத்திடம். அந்த இடம் இன்று தமிழக அரசின் கால்நடைப் பண்ணை. ஓசூர் போனால் பாருங்க.

மாடு போய் டாங்க் வந்தது

இரண்டாம் உலகப் போரில் லாரியும் டாங்கும் மாட்டையும் குதிரையையும் ஓரம் கட்டின. அவற்றைப் பழுது பார்க்க 1943-ல் தனிப் பிரிவு உருவானது. இன்றைக்கு ஈ.எம்.இ. என்று சொல்கிற ராணுவ மின், இயந்திரப் பொறியியல் பிரிவு. டெல்லி, கிர்க்கி, பெங்களூர் மாதிரி ஊர்களில் 'ஆர்மி பேஸ் ஒர்க்‌ஷாப்'கள் இருக்கின்றன. டாங்கை நட்டு நட்டாகக் கழற்றி மறுபடி பூட்டுகிற இடங்கள்.

2016 டிசம்பரில் லெப்டினன்ட் ஜெனரல் ஷெகட்கர் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. சண்டை போடுகிற பகுதிக்கு ஆளும் பணமும் கூட வேண்டும், பின்னணி வேலைகளைச் சுருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு 65 பரிந்துரைகளை ஏற்றது. அதையொட்டிப் பேசப்பட்ட ஒரு மாதிரிக்குப் பெயர் 'கோகோ'. இடமும் கட்டடமும் மெஷினும் அரசாங்கத்துடையது, நடத்துவது காண்ட்ராக்டர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. சொத்து ஒருவருடையது, பராமரிப்பு இன்னொருவருடையது. 1799-க்கும் 1813-க்கும் நடுவில் அம்ரித் மஹாலுக்கு நடந்தது ஞாபகம் வருதா?

அதே பரிந்துரைகளில் இன்னொன்று, ராணுவத்தின் 39 பால் பண்ணைகளை மூடுவது. முதல் பண்ணை 1889-ல் அலகாபாத்தில் ஆரம்பித்தது. 132 வருஷம் கழித்து 2021 மார்ச்சில் மொத்தமாக மூடிவிட்டார்கள். இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இன்றைக்குப் பால் எங்கேயும் கிடைக்கும். கூட்டுறவுச் சங்கமோ தனியாரோ, ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர். பால், அன்றைய லம்பாடியின் அரிசி மாதிரி. டாங்கின் டிரான்ஸ்மிஷன் அப்படிப்பட்ட சரக்கு இல்லை.

நடுவில் ஒரு ரகமும் உண்டு. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து பறக்கிற கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்களுக்கு ஓசூரில் ஒரு தனியார் பராமரிப்பு நிலையத்தில் பெரிய அளவு சோதனைகள் நடந்திருக்கின்றன. போயிங்கும் ஏர் ஒர்க்ஸும் சேர்ந்து செய்த ஏற்பாடு. மத்திகிரி இருக்கிற அதே ஓசூர். 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' கப்பல் சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி தளத்துக்கு வந்து ரிப்பேர் பார்த்துக்கொண்டு போனது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கு இந்தியாவில் பழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல விஷயம். விமானம் வெளிநாட்டுக்குப் போய் மாதக்கணக்கில் நிற்க வேண்டாம், நம்ம பிள்ளைகள் கைக்குத் தொழில் வருது.

காண்ட்ராக்டர் கிளம்பிட்டா?

அப்போ எது பிரச்சினை? ஆப்கானிஸ்தானைப் பாருங்க. அந்நாட்டு விமானப்படைக்கு அமெரிக்கா ஹெலிகாப்டரும் விமானமும் கொடுத்தது. பராமரிப்பு பெரும்பாலும் வெளிநாட்டுக் காண்ட்ராக்டர்கள் கையில். 2021-ல் அமெரிக்கப் படையோடு அவர்களும் கிளம்பினார்கள். விமானிகள் இருந்தார்கள், விமானம் தரையில் நின்றது. அந்த ஆகஸ்ட்டில் காபூல் விழுந்ததற்குக் காரணம் அது ஒன்று மட்டுமில்லை. ஆனால் அதுவும் ஒன்று. 1791-ல் ஓட்டி ராத்திரியில் கிளம்பினார், 2021-ல் மெக்கானிக் ஃபிளைட் ஏறினார்.

அமெரிக்காவே இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எஃப்-35 போர் விமானத்தைப் பற்றி அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு 2023-ல் கொடுத்த அறிக்கைப்படி, அந்த வருஷம் மார்ச்சில் பணிக்குத் தயாராக இருந்த விமானங்களின் விகிதம் 55 சதவீதம்தான். சொன்ன காரணங்களில் ஒன்று: பழுது பார்ப்பதற்கான தொழில்நுட்ப விவரங்கள் ராணுவத்திடம் போதுமான அளவு இல்லை, காண்ட்ராக்டர்களை அளவுக்கு மீறிச் சார்ந்திருக்கிறார்கள். விமானத்தை வாங்கினார்கள், அதைச் சரிசெய்யும் அறிவை முழுசாக வாங்கவில்லை.

கேப்டன் ஹார்வியால் 1813-ல் மந்தையைத் திரும்ப எடுத்துத் தேற்ற முடிந்தது. ஏன்னா, மேய்ப்பவர்களும் மேய்ச்சல் நிலமும் இன்னும் இருந்தார்கள், இருந்தது. 1860-ல் எல்லாவற்றையும் விற்ற பிறகு அது அவ்வளவு சுலபமாக இல்லை. வேலையை வெளியே கொடுக்கலாம். அந்த வேலை தெரிந்த ஆட்களையும் சேர்த்து அனுப்பிவிட்டால், நாளைக்குத் திரும்பக் கேட்க வழியில்லை. காண்ட்ராக்டர் செய்த வேலை சரியா தப்பா என்று சொல்லக்கூட வீட்டில் ஆள் இருக்காது.

நாமக்கல்காரர்களுக்கு டெண்டர் சொல்லித்தரணுமா?

கடைசியாக ஊருக்கு வர்றேன். நாமக்கல் கோட்டை மேல் ஏறி நின்றால் கீழே லாரி பாடி கட்டுகிற பட்டறைகளின் ஊர் தெரியும். பக்கத்தில் திருச்செங்கோடு, ரிக் வண்டிகளின் ஊர். இந்தியாவின் எந்த மூலையில் லாரி நின்றாலும் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இந்தச் சமவெளியில் இருக்கிறார்கள். நாளைக்கு ராணுவ வாகனங்களின் பராமரிப்பு டெண்டர் இந்தப் பக்கம் வந்தால், அதைச் செய்கிற கைகள் இங்கே உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளையும் இவர்கள் படித்துப் பழகியவர்கள்தான். 2025 மார்ச்சில் எல்.பி.ஜி. டேங்கர் உரிமையாளர்கள் ஸ்டிரைக் செய்தது ஞாபகம் இருக்கும். எண்ணெய் நிறுவனங்களின் புதிய டெண்டர் விதிகளும் அபராதங்களும்தான் காரணம். நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்ற சண்டைதான் அதுவும். எல்லா நஷ்டமும் அரசாங்கத்துக்கு என்றால் காண்ட்ராக்டர் தலையை மட்டும் எண்ணுவார், மாட்டைப் பார்க்க மாட்டார். எல்லா நஷ்டமும் சின்னப் பட்டறைக்காரர் தலையில் என்றால், அவர் தாங்க மாட்டார். கஷ்டமான நாளில் கிளம்பிவிடுவார். அல்லது பெரிய கம்பெனி டெண்டர் எடுத்து, அதை உள்காண்ட்ராக்ட் விட்டு, கடைசியில் உங்க வயசுப் பையன் ஒருத்தன் வேலை நிரந்தரமில்லாமல் அந்த எஞ்சினுக்கு அடியில் படுத்திருப்பான். அவன் பூட்டிய நட்டை நம்பித்தான் எல்லையில் ஒரு வண்டி ஓடும்.

அதனால் அடுத்த தடவை செய்தியில் "ராணுவப் பராமரிப்பு தனியாருக்கு" என்று வந்தால், உடனே கைதட்டவும் வேண்டாம், கொதிக்கவும் வேண்டாம். ஒப்பந்தத்தில் ஒன்றைத் தேடுங்க. மாடு செத்தா யாருக்கு நஷ்டம்? அதுக்குப் பதில் கிடைச்சதும் இன்னொன்று: மந்தையைத் திரும்ப வாங்கணும்னா, மேய்க்கத் தெரிஞ்ச ஆள் நம்மகிட்ட மிச்சம் இருக்காங்களா?

தொப்பூரைத் தாண்டும்போது மெடோஸை நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.